விண்டர் செட் இருக்கிறதா? ஆல்-சீசன் டயர் வாங்கும் முன் ஒரு கேள்வி

கேம்ரி, அக்கார்ட், சொனாட்டா போன்ற குடும்பக் கார்களுக்கு டயர் மாற்ற வருகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது, "எந்த பிராண்ட் நல்லது?" டொராண்டோவிலும் சுற்றுப்புற ஊர்களிலும் ஓட்டுகிறவர்களுக்கு இது இரண்டாவது கேள்வி. இந்த டயர் எந்த மாதங்களில் ஓடப்போகிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். தனி ரிம்மில் ஏற்றிய விண்டர் டயர் நான்கு கராஜில் இருக்கிறவர் வாங்க வேண்டியது ஒன்று. ஜனவரியிலும் இதே டயரில்தான் வேலைக்குப் போவேன் என்கிறவர் வாங்க வேண்டியது வேறொன்று.

பெர்ஃபார்மன்ஸ் ஆல்-சீசன் என்பது சாதாரண டூரிங் ஆல்-சீசனுக்கும் கோடை டயருக்கும் நடுவில் நிற்கிற ரகம். பக்கச்சுவர் விறைப்பாக இருக்கும், தோள்பகுதிக் கட்டைகள் பெரிதாக இருக்கும், ரப்பர் கலவை ஈரச் சாலையைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டிருக்கும். மழையில் 401 நெடுஞ்சாலையில் முன்னே போகும் வண்டி சட்டென்று பிரேக் அடிக்கும்போதும், வளைந்து இறங்கும் எக்ஸிட்டிலும் இதன் அருமை தெரியும். ஆனால் குளிர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்க இறங்க இந்த ரப்பர் இறுகத் தொடங்கும். பனி அள்ளும் வண்டி இன்னும் வராத தெருவில், இறுகிப்போன பனியின் மேல், இது விண்டர் டயருக்குப் பக்கத்தில்கூட வராது. கனடாவில் பட்டறைக்காரர்கள் ஆல்-சீசனை 'த்ரீ-சீசன்' என்று கேலி செய்வது சும்மா இல்லை.

ஆகவே விண்டர் செட் வைத்திருக்கிறவர்கள் தயங்காமல் இந்த ரகத்துக்குப் போகலாம். கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் டி.டபிள்யூ.எஸ். 06 பிளஸ், மிஷலின் பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஸ்போர்ட் ஏ.எஸ். ஆகியவை இதில் அடிக்கடி விற்பவை. விண்டர் செட் வாங்கப்போவதே இல்லை என்கிறவர்கள் 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற சொல்லை மறந்துவிட்டு, பனிச் சோதனையில் தேறி வருடம் முழுக்க ஓடும் ஆல்-வெதர் ரகத்தைப் பார்க்க வேண்டும்: மிஷலின் கிராஸ்கிளைமேட் 2, நோக்கியன் ரெமடி டபிள்யூ.ஆர்.ஜி5, டோயோ செல்சியஸ் II போன்றவை.

இரண்டு ரகத்தையும் பிரித்தறியப் பக்கச்சுவரைப் பார்க்கலாம். 'எம்+எஸ்' என்ற எழுத்து ஏறக்குறைய எல்லா ஆல்-சீசன் டயரிலும் இருக்கும். சேறு, பனி என்பதன் சுருக்கம் அது. பள்ளங்களின் வடிவத்தையும் இடைவெளியையும் வைத்துக் கொடுக்கும் பெயர்தானே தவிர, அதற்காக எந்த டயரும் பனியில் ஓட்டிப் பார்க்கப்படுவதில்லை. மூன்று சிகரம் உள்ள மலை, அதனுள் ஒரு பனித்துகள் என்று இருக்கும் முத்திரைதான் சோதனை செய்து கொடுப்பது; ஆல்-வெதர் டயரில் அது இருக்கும். அந்தச் சோதனையிலும் பார்ப்பது இறுகிய பனியில் வண்டியை இழுக்கும் சக்தியை மட்டுமே. ஐஸில் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பது அதில் அடங்காது. பனிக்காலத்தில் கிளம்புவதைவிட நிற்பதுதான் கஷ்டம் என்பது இங்கே ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும்.

கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அந்த மலை முத்திரை கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜனவரி 1 முதல் விண்டர் டயருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கட்டணத் தள்ளுபடி கொடுத்தாக வேண்டும். மலை முத்திரை உள்ள ஆல்-வெதர் டயரை உங்கள் கம்பெனி அந்தக் கணக்கில் சேர்க்குமா என்பதை டயர் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது அளவு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். 2018 முதல் 2024 வரையிலான கேம்ரி எல்.இ.யில் 215/55 ஆர்17 94வி (215 மி.மீ. அகலம், பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், 17 அங்குல ரிம்), எஸ்.இ.யில் 235/45 ஆர்18 94வி என்பது வழக்கம். கடைசியில் உள்ள 94 என்பது ஒரு டயர் தாங்கும் பாரம், 670 கிலோ. 'வி' என்பது வேகக் குறியீடு, மணிக்கு 240 கி.மீ. "நான் எங்கே 240இல் போகப்போகிறேன், எச் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. எச் என்றால் 210 கி.மீ.; அந்த வேகத்திலும் யாரும் போவதில்லைதான். ஆனால் அந்த எழுத்து வேகத்தோடு முடிவதில்லை. டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும், வளைவில் எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்பதும் அதற்குள் இருக்கிறது. காருக்கு எழுதியிருப்பதைவிடப் பார எண்ணைக் குறைக்கவே கூடாது. வேக எழுத்தை விண்டர் டயரில் ஒரு படி இறக்கலாம். கோடையில் ஓடும் டயரில் வேண்டாம்.

பெரிய ரிம் ஆசை வந்தவர்களுக்கு ஒரு கணக்கு. 215/55 ஆர்17க்கும் 235/45 ஆர்18க்கும் மொத்த விட்டம் ஒன்றுதான், ஏறத்தாழ 668 மி.மீ. மாறுவது பக்கச்சுவரின் உயரம்: முதலாவதில் 118 மி.மீ., இரண்டாவதில் 106 மி.மீ. 19 அங்குல ரிம்மில் 235/40 போட்டால் 94 மி.மீ.தான். மார்ச் மாதம் பனி உருகிச் சாலையெல்லாம் குழி விழும்போது ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவில் இருப்பது அந்த ரப்பர்ச் சுவர் மட்டுமே. அது குறையக் குறைய ரிம் வளைவதும், பக்கச்சுவரில் கொப்புளம் கிளம்புவதும் கூடும். கொப்புளம் வந்தால் உள்ளே இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். ஒட்டுப்போட வழியில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான்.

டயரில் '560 ஏஏ ஏ' மாதிரி ஒரு தர வரிசையும் அச்சாகியிருக்கும். முதல் எண் தேய்மானம், அடுத்தது ஈரச் சாலைப் பிடிப்பு, மூன்றாவது சூடு தாங்கும் திறன். தேய்மான எண்ணை ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். எண்ணைப் போட்டுக்கொள்வது அந்தந்தக் கம்பெனிதான், ஆளுக்கொரு கை. பிடிப்பு எழுத்தும் ஏமாற்றும். கிராஸ்கிளைமேட் 2இல் 'பி' என்றுதான் இருக்கும். சக்கரத்தை முழுக்கப் பூட்டி ஈரத்தளத்தில் நேராக இழுத்துப் பார்க்கிற சோதனை அது. ஏ.பி.எஸ். உள்ள காரில் சக்கரம் அப்படிப் பூட்டிக்கொள்வதே இல்லை. அந்த ஓர் எழுத்துக்காக ஒரு டயரைத் தள்ளிவிட வேண்டாம்.

புது டயர் எடுப்பதற்கு முன் பழசைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள். உள்ளங்கையை டயரின் மேல் வைத்து உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக இழுங்கள், பிறகு எதிர்ப்பக்கமாக இழுங்கள். ஒரு பக்கம் போகும்போது வழுக்கி, திரும்பும்போது ரம்பம் மாதிரி நெருடினால் டோ (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) சரியில்லை. அலைன்மென்ட் செய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் இதே வழிதான் போகும். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் நின்றால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடு தேய்ந்திருந்தால் காற்று அதிகம். உள்பக்க ஓரம் மட்டும் மொட்டையாகியிருந்தால் கேம்பரையும் (சக்கரம் சாய்ந்து நிற்கும் அளவு) டோவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த உள்ஓரம் நின்று பார்த்தால் தெரியாது. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பிவிட்டுக் குனிந்து பார்க்க வேண்டும், பின்பக்கத்துக்கு ஜாக்கி போட வேண்டும். அங்கங்கே கிண்ணம் மாதிரி குழிந்திருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகப்படலாம்.

டயர்ப் பள்ளத்தின் ஆழத்தை இங்கே 32இல் ஒரு பங்கு அங்குலத்தில் அளப்பார்கள். புதிதில் 10/32, அதாவது 8 மி.மீ. இருக்கும். ஒன்டாரியோ சட்டப்படி 1.5 மி.மீ. வரை ஓட்டலாம், ஆனால் ஈரச் சாலையில் 4/32க்குக் கீழே போனாலே தண்ணீரைத் தள்ளும் சக்தி போய்விடும். பனியில் 6/32க்குக் கீழே வந்ததும் பிடிப்பு இறங்கத் தொடங்கும். மேலே சொன்ன கான்டினென்டல் டயரில் டி (காய்ந்த சாலை), டபிள்யூ (ஈரம்), எஸ் (பனி) என்ற எழுத்துகளைத் தரையைத் தொடும் ரப்பரிலேயே செதுக்கியிருப்பார்கள். முதலில் எஸ் மறையும். பனிக்கு இனி ஆகாது. அடுத்து டபிள்யூ, மழைக்கும் ஆகாது.

இரண்டு டயர் மட்டும் மாற்றுவதானால் புதியவை பின்னால்தான் போக வேண்டும். முன்சக்கர இழுவை உள்ள காருக்கும் இதுவே. இதை ஒப்புக்கொள்ளாமல் வாதாடுகிறவர்கள் நிறைய. முன் டயர் தண்ணீரில் மிதந்தால் ஸ்டீயரிங் லேசாகி வண்டி நேராகப் போகும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பிடிப்பு திரும்பிவிடும். பின் டயர் மிதந்தால் வால் சுற்றிக்கொண்டு முன்னே வரும். அதை ஸ்டீயரிங்கால் சரிசெய்ய நேரம் இருக்காது. சுபாரு லெகசி போன்ற நான்கு சக்கர இழுவைக் கார்களில் இரண்டு மட்டும் மாற்றுவதே சிக்கல். டயர்களின் சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது சுபாரு. ஆழக் கணக்கில் அது வெறும் 1 மி.மீ.

ஹைப்ரிட் கார்க்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போடுங்கள். கம்பெனியிலிருந்து வந்த டயர் எரிபொருள் மிச்சத்துக்காகவே செய்யப்பட்டது. பெர்ஃபார்மன்ஸ் ரகம் போட்டதும் மைலேஜ் குறையும். ஆனால் குறைவதில் ஒரு பங்கு கண்கட்டு. 6 மி.மீ. தேய்ந்த டயரின் விட்டம் 12 மி.மீ. சிறுத்திருக்கும். அதனால் ஓடோமீட்டர் ஏறக்குறைய 1.8 சதவீதம் கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. புது டயர் அந்தக் கணக்கைச் சரிசெய்துவிடுகிறது, அவ்வளவுதான்.

கடையில் டயரை ரிம்மில் ஏற்றும் முன் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் அவை. 2324 என்றால் 2024இன் 23ஆவது வாரம். முழு வரிசை ஒரு பக்கச்சுவரில் மட்டும் இருக்கலாம். அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் பிறகு வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு வருடம் பழசு பரவாயில்லை. மூன்று வருடமாக அலமாரியில் இருந்ததைப் புது விலைக்கு வாங்காதீர்கள். கிராஸ்கிளைமேட் 2 மாதிரி 'வி' வடிவப் பள்ளம் உள்ள டயரில் அம்புக்குறி முன்னோக்கிச் சுழல வேண்டும். சமச்சீரற்ற டயரில் 'அவுட்சைட்' என்ற எழுத்து வெளியே தெரிய வேண்டும். இரண்டையும் தலைகீழாகப் போட்ட வண்டிகள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

சாலை உப்பு தின்ற ஹப்பில், அதாவது சக்கரம் பொருந்தும் தட்டில், துரு பொருக்குத் தட்டியிருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்காமல் சக்கரத்தை மாட்டினால் அது தட்டையாக உட்காராது. நட்டை முறுக்கி வைத்தாலும் பொருக்கு உதிர்ந்ததும் நட்டு தளர்ந்துவிடும். இம்பாக்ட் கன்னோடு (நட்டை வேகமாக முறுக்கும் கருவி) விட்டுவிடாமல், குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்சில் முடிக்கச் சொல்லுங்கள். கேம்ரிக்கு 103 நியூட்டன் மீட்டர், அக்கார்டுக்கு 108. 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

காற்றழுத்தம், கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கர்படிதான். டயரில் அச்சாகியிருக்கும் 51 பி.எஸ்.ஐ. உச்சவரம்பு. 5.5 டிகிரி குளிர் கூடினால் 1 பி.எஸ்.ஐ. இறங்கும். 22 டிகிரியில் 35 அடித்துவிட்டு மறந்துபோனால், மைனஸ் 10இல் அது 29தான். எச்சரிக்கை விளக்கு நான்கில் ஒரு பங்கு இறங்கினால்தான் எரியும். 35க்கு அது 26. நடுவில் உள்ள அந்த 3 பி.எஸ்.ஐ.யில்தான் பல பேர் குளிர்காலம் முழுக்க ஓட்டுகிறார்கள்.

80,000 கி.மீ. உத்தரவாதம் என்று விளம்பரத்தில் இருக்கும். பாதியில் தேய்ந்தால் புது டயர் இனாமாக வராது, ஓடாத மிச்சத்துக்கு ஏற்ற தள்ளுபடிதான் வரும். அதற்கும் 8,000 முதல் 12,000 கி.மீ.க்கு ஒருமுறை டயர்களை முன்பின் இடம் மாற்றிய ஆதாரம் கேட்பார்கள். விண்டர் செட் மாற்றும்போது கழற்றுகிற ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் 'முன் இடது', 'பின் வலது' என்று சாக்பீஸால் எழுதி வைத்தால் ஏப்ரலில் முன்னதைப் பின்னால் போட வசதி. மாற்றித் தரும் கடையின் பில்லில் ஓடோமீட்டர் எண்ணையும் நான்கு டயரின் டி.ஓ.டி. எண்ணையும் கையோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.