சம்பளம் உயர்ந்தால் கையில் எவ்வளவு மிஞ்சும்?

"இன்கிரிமென்ட் கொடுத்தால் அடுத்த வரி வரம்புக்குப் போய்விடுவேன், இருப்பதும் குறைந்துவிடும்" என்று கவலைப்படுபவர் எந்த அலுவலகத்திலும் ஒருவராவது இருப்பார். பெரும்பாலும் அது வீண் கவலை. ஆனால் 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில், நடுத்தரச் சம்பளக்காரர்கள் நிறையப் பேர் கடக்க வேண்டிய ஓரிடத்தில் அந்தக் கவலைக்கு நியாயம் இருக்கிறது.

முதலில் கணக்கு. ஆண்டுச் சம்பளத்தில் நிலையான கழிவு 75,000 ரூபாய் போக மீதிக்குத்தான் வரி. அதில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 8 லட்சம் வரை 5 சதவீதம், 12 லட்சம் வரை 10, 16 லட்சம் வரை 15, 20 லட்சம் வரை 20, 24 லட்சம் வரை 25, அதற்கு மேல் 30. வரியின் மீது 4 சதவீதம் செஸ் என்ற கூடுதல் வரி. ஒவ்வொரு விகிதமும் அந்தந்தப் பகுதிக்கு மட்டுமே பொருந்தும். வரிக்குரிய வருமானம் 15.9 லட்சத்திலிருந்து 16.1 லட்சமானால், கூடிய 20,000 ரூபாயில் பாதிக்கு 15 சதவீதமும் மறுபாதிக்கு 20 சதவீதமுமாக, செஸ்ஸோடு 3,640 ரூபாய் போகும். மீதி 16,360 உங்களுக்கே. பழைய வருமானத்தின் மீதான வரி ஒரு பைசாகூட மாறாது.

சிக்கல் 12 லட்சத்தில் இருக்கிறது. வரிக்குரிய வருமானம் அதுவரை என்றால் 60,000 ரூபாய் வரி முழுவதும் தள்ளுபடி. சம்பளமாகச் சொன்னால் 12.75 லட்சம் வரை வரியே இல்லை. தாண்டினால் தள்ளுபடி போய்விடும். ஒரு ரூபாய் கூடியதற்காக 60,000 கட்டும் கொடுமை நேராதிருக்க, 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு கூடியதோ அதற்கு மேல் வரி போகாது என்று சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. நல்லதுதான், ஆனால் செஸ் அதன் பிறகுதான் சேர்கிறது. 10,000 கூடினால் வரி 10,000, செஸ் 400. உயர்வு முழுவதையும் கொடுத்து, கையிலிருந்தும் 400 போட வேண்டும்! சம்பளம் ஏறத்தாழ 13.49 லட்சத்தைத் தொடும்வரை, உயர்வால் கையில் எதுவும் மிஞ்சாது. அதைக் கடந்துவிட்டால் பயமில்லை: 14 லட்சம் 15 லட்சமானால் கூடுதல் வரி 15,600 மட்டுமே.

வங்கி வட்டியும் இந்த 12 லட்சத்தில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சம்பளம் 12.7 லட்சம், வைப்புத்தொகை வட்டி 30,000 என்றால் வரி 26,000 ரூபாய். அந்த வட்டி நிறுவனத்துக்குத் தெரியாது; 50,000 ரூபாயைத் தாண்டாததால் வங்கியும் பிடிக்காது. கணக்குத் தாக்கல் செய்யும்போதுதான் இடி விழும்.

12.75 லட்சத்துக்கும் 13.49 லட்சத்துக்கும் இடையே மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழி உண்டு. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் நிறுவனம் செலுத்தும் பங்கு, அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 14 சதவீதம் வரை புதிய முறையிலும் கழிக்கப்படும். 13.2 லட்சம் வாங்குபவர் அதில் 45,000 ரூபாயை அப்படி மாற்றித் தரச் சொன்னால், 46,800 ரூபாய் வரி பூஜ்யமாகிவிடும். அவசரத்துக்கு எடுக்க முடியாத பணம்தான்; ஆனாலும் வரியாகப் போவதற்கு அது மேல்.

ஆண்டின் நடுவில் வரும் உயர்வுதான் அதிகம் குழப்புகிறது. மாதம் 1,05,000 வாங்குபவருக்கு வரிப் பிடித்தமே இராது. அக்டோபரில் 1,30,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுச் சம்பளம் 14.1 லட்சம், வரி 83,460. முதல் ஆறு மாதங்களில் எதுவும் பிடிக்காததால் முழுவதையும் மீதி ஆறு மாதங்களில், மாதம் 13,910 வீதம் பிடிப்பார்கள். 25,000 உயர்வில் கையில் கூடுவது 11,090 மட்டுமே. சம்பளப் பிரிவோடு சண்டைக்குப் போக வேண்டாம். அவர்கள் கணக்கு சரி. விகிதங்கள் மாறாதிருந்தால் ஏப்ரலில் பிடித்தம் 8,905 ஆகக் குறைந்து, கைக்கு வருவது இன்னும் 5,005 ரூபாய் கூடும். அடிப்படைச் சம்பளம் கூடியிருந்தால் வருங்கால வைப்பு நிதிப் பிடித்தமும் கூடலாம் என்பது தனி.

உயர்வு முந்தைய ஆண்டுகளுக்கும் சேர்த்து நிலுவையாக வந்தால், எல்லாவற்றுக்கும் பணம் கைக்கு வந்த ஆண்டிலேயே வரி. அதனால் கூடும் சுமைக்கு நிவாரணம் உண்டு. அதைப் பெற, கணக்குத் தாக்கல் செய்வதற்கு முன்பே வருமான வரி இணையதளத்தில் அதற்கான படிவத்தை (2025-26 நிதியாண்டுக்கு 10-இ) நிரப்பிவிட வேண்டும்.