முள்ளை விடுங்கள், மரையைத் திருப்புங்கள்

கடந்த மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம் தந்தையார் வாங்கிய ஜெர்மானிய ஊசல் கடிகாரத்தைப் பழைய போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். "தினமும் காலையில் செல்பேசியைப் பார்த்து நிமிட முள்ளைச் சரிசெய்துவிடுகிறேன், தம்பி. ஒருநாளும் தவறியதில்லை. பிறகும் ஏன் நின்றுபோயிற்று?" என்று கேட்டார். இயந்திரத்தைக் கழற்றி வெளியே எடுத்தேன். பித்தளைத் தகடுகளில் தேங்காய் எண்ணெய் பிசினாகப் படிந்து, அதில் தூசியும் இரண்டு எறும்புகளும் ஒட்டியிருந்தன. அச்சுகள் சுழலும் துளைகள் முட்டை வடிவில் தேய்ந்திருந்தன. எண்ணெய் குடித்து இந்த ஆண்டு என்னிடம் வந்த ஏழாவது கடிகாரம் அது. பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

நேரம் பிசகக் கூடாது என்று கவலைப்படுபவர்களே பழைய கடிகாரங்களை அதிகம் பாழாக்குகிறார்கள் என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன். இவருடைய கடிகாரம் நாளுக்கு மூன்று நிமிடம் முந்தி ஓடியது. ஆறு மணி அடித்து ஓய்ந்தபின் அவர் முள்ளைப் பின்னால் இழுத்து வைப்பார். அது மறுபடி ஆறைக் கடக்கும்போது, முள்ளைப் பார்க்காமல் அடுத்து எத்தனை அடிக்க வேண்டும் என்று வரிசையாக எண்ணிவரும் சக்கரம், ஆறு அடித்தாகிவிட்டது என்ற கணக்கில் இருப்பதால், அரைமணிக்குரிய ஒற்றை அடியை அடிக்கும். ஆறரைக்கு ஏழு அடிக்கும். மணி தப்பிவிட்டதே என்று அவர் மீண்டும் முள்ளைச் சுற்றுவார். மணியடிக்கும் பகுதியின் நெம்புகோல் வளைந்தது இப்படித்தான்.

அவர் தொட்டிருக்க வேண்டியது ஊசல் குண்டின் அடியிலுள்ள சிறு மரையை. "அதைத் தொட்டால் கெட்டுவிடுமோ என்று பயந்தேன்" என்றார். மரையை இறக்கினால் கடிகாரம் மெதுவாகும், ஏற்றினால் விரையும், அவ்வளவுதான். ஊசலின் நீளம் 25 செ.மீ. என்றால், 1 மி.மீ. கூடினாலே நாளுக்கு ஏறத்தாழ 3 நிமிடம் பிந்தும். அவருடைய அத்தனை நாள் தொல்லையும் அந்த ஒரு மில்லிமீட்டரில் இருந்தது.

இனி எண்ணெய். தையல் இயந்திரத்துக்கும் கதவுக் கீலுக்கும் விடுவதுபோலக் கடிகாரத்துக்கும் எண்ணெய் விட்டால் நன்றாக ஓடும் என்ற நம்பிக்கையை எத்தனை முறை மறுத்தும் என்னால் ஒழிக்க முடியவில்லை. சக்கரப் பற்களில் எண்ணெய் படவே கூடாது. அச்சுமுனை சுழலும் துளைகள் போன்ற சில இடங்களில் மட்டும், அதற்கென்றே உள்ள எண்ணெயை ஊசிமுனையால் தொட்டு வைப்போம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். அதனால் மார்கழி விடியற்காலையில் கடிகாரம் நிற்கும். வெயில் ஏறியதும் அது இளகி ஓடுவதைப் பார்த்து, எண்ணெய்தான் குறைவு என்று நினைத்து மேலும் ஊற்றுகிறீர்கள். நாளாக ஆக அது தூசியோடு சேர்ந்து கறுப்புப் பசையாகி, உப்புத்தாள்போல உலோகத்தை அரைக்கிறது. அப்படித் தேய்ந்த துளைக்குப் புதிய புஷ் (அச்சுமுனையைத் தாங்கும் சிறு உலோக வளையம்) அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஸ்ப்ரே டப்பாவும் வேண்டாம், மண்ணெண்ணெய் நனைத்த பஞ்சை உள்ளே வைப்பதும் வேண்டாம்.

எட்டு நாள் ஓடும் கடிகாரத்துக்கு வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், முழுவதும் சாவி கொடுங்கள். முழுச் சாவி கொடுப்பதால் நல்ல ஸ்பிரிங் கெட்டுவிடாது. அப்போதே செல்பேசி நேரத்துடன் ஒப்பிட்டு, எத்தனை நிமிடம் முந்தியது அல்லது பிந்தியது என்று நாட்காட்டியில் குறித்துவையுங்கள். மரையைச் சிறிது திருப்பிவிட்டு ஒரு வாரம் கைவைக்காமல் பொறுங்கள். முந்திவிட்டால் ஊசலைக் கையால் நிறுத்தி, சரியான நேரம் வரும்வரை காத்திருந்து ஆட்டிவிடுங்கள். பிந்திவிட்டால் முள்ளை முன்னோக்கி மட்டும் நகர்த்தி, ஒவ்வொரு மணியும் அடித்து முடிக்க விடுங்கள். வெள்ளையடித்து முடித்து ஆணியில் மாட்டும்போது, 'டிக்'குக்கும் 'டக்'குக்கும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். நொண்டியடித்தால் பெட்டி சாய்ந்திருக்கிறது. எஃகுத் தண்டு ஊசல், வெப்பம் 10 டிகிரி ஏறினாலே நாளுக்கு 5 நொடி பிந்தும் என்பதால், கத்திரி வெயிலில் நொடிக்கணக்குப் பார்த்து மரையோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பழுதுபார்க்கக் கொண்டுவரும்போது தயவுசெய்து ஊசலைக் கழற்றித் தனியே துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். ஊசல் தொங்குவது காகிதம்போன்ற மெல்லிய எஃகுப் பட்டையில். இருசக்கர வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் அது முறிந்துவிடும்.