தடைப்பட்ட பிரசவமும் சிறுநீர்ப்பைத் துளையும்

பிரசவத்துக்குப் பின் ஒரு பெண்ணுக்கு இரவும் பகலும் தன்னையறியாமல் சிறுநீர் ஒழுகிக்கொண்டே இருந்தால், சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் நடுவில் துளை விழுந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிரசவ ஃபிஸ்டுலா எனப்படும் இக்காயம் உருவாகும் விதத்தை அறிந்தால், யாருக்கு ஆபத்து அதிகம் என்பதும் விளங்கிவிடும்.

குழந்தையின் தலை தாயின் இடுப்பெலும்பு வளையத்துக்குள் இறங்கி, அதற்கு மேல் நகர வழியின்றிச் சிக்கிக்கொண்டாலும் கருப்பை ஓய்வதில்லை. சுருங்கிச் சுருங்கித் தலையை அதே இடத்தில் அழுத்துகிறது. தலைக்கும் முன்பக்க எலும்புக்கும் நடுவே சிறுநீர்ப்பையின் அடிப்பகுதியும் யோனியின் முன்சுவரும் நசுங்க, அங்கே இரத்த ஓட்டம் நின்று, பல மணி நேரம் இந்நிலை நீடித்தால் திசு செத்துவிடுகிறது. செத்த திசு உடனே உதிராமல், குழந்தை பிறந்து 3 முதல் 10 நாட்களுக்குள்தான் கழன்று விழுவதால், பல பெண்களுக்கு வீடு திரும்பிய பிறகே கசிவு தொடங்குகிறது. பிரசவத்தால் வந்த காயம் இது என்று வீட்டாருக்குத் தோன்றுவதும் இல்லை. அழுத்தம் பின்பக்கம் விழுந்தால் மலக்குடலிலும் துளை ஏற்படலாம். நரம்புகள் நசுங்கிப் பாதத்தைத் தூக்க முடியாமல் போவதும் உண்டு. இத்தகைய பிரசவங்களில் பெரும்பாலும் குழந்தை இறந்தே பிறக்கிறது என்பது இதனினும் கொடியது.

இடுப்பெலும்பு முழு வளர்ச்சி பெறாத இளவயதில் கருவுறுதல், சிறுவயது முதல் சத்துக் குறைவால் உயரம் குன்றியிருத்தல், தலைப்பிரசவம், குழந்தையின் எடை மிகுதி, குழந்தை குறுக்காகக் கிடத்தல் ஆகியவை தடை ஏற்படும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஒரு பெண்ணின் உயரம் நின்ற பிறகும் இடுப்பெலும்பின் பிறப்புவழி சில ஆண்டுகள் விரிவடைந்துகொண்டிருக்கும் என்பதால், பதினாறு வயதில் நடக்கும் திருமணத்தை வெறும் சட்ட மீறல் என்று மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. ஆயினும் தடை மட்டுமே துளையை உண்டாக்குவதில்லை. குள்ளமான பெண்ணும் உரிய நேரத்தில் அறுவைச் சிகிச்சை கிடைத்தால் காயமின்றித் தாயாகிறாள். நல்ல உடற்கட்டுள்ளவளும் இரண்டு நாள் வலியோடு கவனிப்பின்றிக் கிடந்தால் காயப்படுகிறாள். காயத்தை முடிவு செய்வது கடந்துபோகும் நேரமே. கருப்பை வாய் எவ்வளவு திறந்துள்ளது, தலை எவ்வளவு இறங்கியுள்ளது என்பதை மணிக்கணக்கில் வரைபடத்தில் குறிக்கும் பார்டோகிராஃப் முறை இதற்காகவே வந்தது.

மதுரையைச் சுற்றிய ஊர்களில் இந்த நேரம் பெருமளவு மீட்கப்பட்டுவிட்டது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன. பேரையூர், சேடப்பட்டிப் பக்கத்துக் கர்ப்பிணிக்குச் சிக்கல் என்றால் 108 வண்டி அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவர முடிகிறது. எனினும், வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் பெண்ணோடு அவரது பரிசோதனைப் பதிவுகளும் செல்ல வேண்டும். உயரம், சர்க்கரை அளவு, ஸ்கேன் முடிவு எதுவும் தெரியாத புதிய இடத்தில் வலி தொடங்கினால், அவற்றை அறிந்துகொள்வதற்கே பொன்னான நேரம் வீணாகும்.

காயத்தின் முகமும் இப்போது மாறியிருக்கிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். முந்தைய சிசேரியனின் தழும்பில் சிறுநீர்ப்பை ஒட்டிக்கொண்டிருந்தால், அடுத்த அறுவையின்போது அது கிழியக்கூடும். தலை ஆழத்தில் இறுகிய பிறகு தாமதமாகச் செய்யப்படும் சிசேரியனிலும், கருப்பையை அகற்றும் அறுவையிலும் அதே ஆபத்து உண்டு. கிழிந்ததை அப்போதே கண்டு தைத்துவிட்டால் பெரும்பாலும் ஆறிவிடும். கவனிக்கப்படாமல் விடப்பட்டால் அது ஃபிஸ்டுலாவாக முடியலாம். கர்ப்பகால நீரிழிவால் குழந்தை பெருத்திருக்கும்போதும், ஆயுதம் போட்டு எடுக்கும்போதும் ஆசனவாய்த் தசை வரை கிழியும் அபாயம் கூடுகிறது.

கசிவு தொடங்கிய உடனே மருத்துவரிடம் சொன்னால், சிறுநீர்க்குழாயைச் சில வாரங்கள் பொருத்திச் சிறுநீர்ப்பையைக் காலியாகவே வைத்திருப்பதன் மூலம் சிறிய துளை தானாக மூடிக்கொள்ள வாய்ப்புண்டு. அதற்குள் மூடாத துளையைப் புண்ணின் வீக்கம் வடிந்த பிறகு அறுவையால் அடைக்கிறார்கள். அடைத்த இடம் மீண்டும் அழுத்தத்தைத் தாங்காது என்பதால், அடுத்த பிரசவத்தை வலி தொடங்கும் முன்பே சிசேரியனாகத் திட்டமிட வேண்டும்.