லிட்டர்: படுக்கையில் தொடங்கிய குப்பை

தமிழில் எழுதினால் பால் அளக்கிற லிட்டரும் இந்த லிட்டரும் ஒன்றுபோலவே இருக்கும். உறவு ஒன்றும் இல்லை. இது, கண்ட இடத்தில் போட்டுவிட்டுப் போன காகிதம், பாட்டில் மூடி, பொட்டலத் தாள் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொல் (litter). அதே காகிதம் தொட்டிக்குள் விழுந்துவிட்டால் லிட்டர் இல்லை. இறைந்து கிடக்க வேண்டும்.

அகராதியைத் திறந்தால் தலை சுற்றும். குப்பை, பல்லக்கு, விலங்குகளுக்கு விரிக்கும் வைக்கோல், ஒரே தடவையில் பிறந்த நாய்க்குட்டிகள், எல்லாம் ஒரே சொல்லுக்குக் கீழே நிற்கும். இவற்றைக் கட்டிப்போடும் கயிறு 'படுக்கை'. லத்தீனில் 'லெக்டஸ்' என்றால் கட்டில், படுக்கை. பிரெஞ்சுக்காரர்களுக்கு இன்றும் கட்டில் 'லி'தான். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதும் படுக்கை என்றே பொருள். ஆள் சுமந்து போகும் படுக்கை பல்லக்கு ஆனது. தொழுவத்தில் விலங்கு படுக்க விரித்த வைக்கோலுக்கும் அந்தப் பெயர் வந்தது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கும் வந்தது. அப்புறம், மிதிபட்டு நாலாபுறமும் இறையும் வைக்கோலைப் போல, 18ஆம் நூற்றாண்டில் தாறுமாறாகக் கிடக்கும் எதுவும் லிட்டர் ஆயிற்று. பழைய பொருள் முற்றிலும் போய்விடவில்லை. 1947இல் அமெரிக்காவில் எட்வர்ட் லோ பூனைகளின் மலப்பெட்டியில் போட களிமண் துகள்களை விற்கத் தொடங்கினாரே, அதன் பெயரும் லிட்டர்தான். 'லிட்ரேச்சர்' மட்டும் இந்தக் குடும்பம் இல்லை. அது எழுத்தைக் குறிக்கும் வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இலக்கியவாதிகள் நிம்மதியாக இருக்கலாம்.

சரி, தமிழில்? எல்லோரும் 'குப்பை' என்றுதான் எழுதுகிறோம். வழக்கில் தவறில்லை. ஆனால் குப்பைக்குப் பழைய பொருள் குவியல். குவி, குவை என்பவற்றோடு சேர்ந்த சொல். ஒன்று இறைந்து கிடப்பது, மற்றது குவிந்து கிடப்பது. நேர் எதிர்! எனக்குக் 'கூளம்' இன்னும் நெருக்கமாகப் படுகிறது. வைக்கோல் துணுக்குகளைக் குறித்த சொல், பிறகு பெருக்கித் தள்ளும் எதற்கும் ஆகி, 'குப்பை கூளம்' என்று குப்பையோடு ஒட்டிக்கொண்டது. லிட்டர் வந்த அதே வைக்கோல் வழி. தனியாகக் 'கூளம்' என்று எழுதினால் இன்று சிலருக்குப் புரியாமல் போகலாம். அங்கே 'சிதறிய குப்பை' போதும்.

மற்ற இடங்களில் குப்பையை இழுக்கவே வேண்டாம். காட்டுத் தரையில் உதிர்ந்து கிடக்கும் இலைகளையும் ஆங்கிலத்தில் லிட்டர் என்பார்கள்; நமக்கு அது சருகு. குட்டிகள் என்றால் 'ஒரே ஈற்றுக் குட்டிகள்', பேச்சில் ஈத்து. ஒரு கட்டுரை முழுக்கப் பிழைகள் 'லிட்டர்' ஆகிக் கிடப்பதாக ஆங்கிலத்தில் சொல்வார்கள். மொழிபெயர்க்கிறவர்கள் அங்கே 'குப்பை போல் சிதறிய பிழைகள்' என்று திணறுகிறார்கள். 'பிழை மலிந்த கட்டுரை' என்றால் முடிந்தது.