காலில்லாதவை எல்லாம் பாம்பா?

மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் கான் (வடிகால்) வெட்டும்போதும் மரக்கறிப் பாத்தி கொத்தும்போதும், காலில்லாமல் நெளியும் மூன்று விதமான உயிர்கள் மண்ணோடு மேலே வருவதுண்டு. ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த மண்புழு. இன்னொன்று, மினுங்கும் செதில்களும் வெட்டிவிட்டாற்போன்ற மொட்டை வாலும் உடைய கேடயவாற் பாம்பு. மூன்றாவது, கருநீல உடலின் இருபக்கமும் மஞ்சட் பட்டை ஓடுகின்ற, பிடித்தால் வழுக்குகின்ற ஒரு பிராணி; விலங்கியலார் அதனை இக்தியோபிஸ் குளுட்டினோசஸ் என்பர். பாம்புக் குட்டியென்று எண்ணி, விஷத்துக்கு அஞ்சி அதனை அடித்துக் கொன்றுவிடுவோர் உண்டு. உண்மையில் அது பாம்புமல்ல, புழுவுமல்ல. தவளைக்கும் தேரைக்கும் உறவான ஈரூடகவாழி. மனிதருக்கு அதனால் ஆபத்து எதுவுமில்லை.

மண்புழுவைப் பிரித்தறிவது எளிது. அதற்கு முள்ளந்தண்டு இல்லை. அதன் நரம்பு நாண் வயிற்றுப்புறமாக ஓடுகிறது. மற்ற இரண்டிலும் அது முதுகுப்புறமாக, முள்ளந்தண்டுக்குள் ஓடுகிறது. ஆகவே, விலங்குகளின் பெரும் பிரிவுகளான கணங்களுள், மண்புழு அன்னெலிடா என்ற கணத்தையும், ஏனைய இரண்டும் கோடேற்றா என்ற கணத்தையும் சேர்கின்றன. மழைக்காலத்தில் கொழுந்து பறிப்போரின் காலில் ஏறுகிற அட்டைதான் மண்புழுவின் நெருங்கிய உறவு. இக்தியோபிஸின் உடலில் வளையம் வளையமாக மடிப்புகள் இருந்தபோதிலும், அது மண்புழுவைவிட, மண்வெட்டியைப் பிடித்திருப்பவருக்கே நெருக்கமானது.

பாம்பிலிருந்து அதனைப் பிரிப்பதுதான் கடினம். விலங்குகளுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸே, 1758 இல் வெளியான தமது நூலின் பத்தாம் பதிப்பில், இதனைப் பாம்புகளோடு சேர்த்துவிட்டார். ஐரோப்பாவை விட்டு வெளியே வராத அவருக்குக் கிடைத்தவை பாதுகாக்கப்பட்ட உடல்களே. காலில்லாத நீண்ட உடலைக் கண்டவர் வேறு எங்கே வைத்திருப்பார்? போதாக்குறைக்கு, இக்தியோபிஸின் மடிப்புகளுக்குள் நுண்ணிய செதில்களும் உண்டு. ஆனால் பாம்பின் செதில் மேற்றோலின் தடித்த பகுதி. இதன் செதிலோ உட்டோலில் சிறு பைகளுக்குள் புதைந்திருப்பது. பெயரில் ஒன்றானாலும் அவை வெவ்வேறு உறுப்புகள்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தது முதிர்ந்த உடலன்று, குஞ்சு. 1831 இல் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் யோகான்னஸ் முல்லர், லைடன் அருங்காட்சியகத்திலிருந்த ஓர் இளம் இக்தியோபிஸின் கழுத்தோரத்தில் பூத்துவாரம் (செவுள் துளை) இருப்பதைக் கண்டார். நீரில் மூச்சுவிட உதவும் பூக்கள் எந்தப் பாம்புக் குஞ்சுக்கும் இருப்பதில்லை, தவளையின் குஞ்சான வாற்பேத்தைக்கு உண்டு. பின்னர் 1880களில் இலங்கையில் தங்கி ஆராய்ந்த போல் சரசின், பிரிட்ஸ் சரசின் ஆகிய சுவிற்சர்லாந்து உறவினர் இருவர், இதன் முழு வளர்ச்சியையும் படிப்படியாக விவரித்தனர். நீர்க்கரையோரத்து மண்வளையில் தாய் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு காக்கிறது. முட்டைக்குள் கருவுக்கு இறகு போன்ற வெளிப்பூக்கள் வளர்கின்றன. பொரித்து வரும் குடம்பி நீரில் சிறிது காலம் வாழ்ந்து, உருமாறியபின் மண்ணுக்குள் புகுகிறது. கேடயவாற் பாம்போ குட்டி ஈனுவது.

தோற்றத்தின் ஒற்றுமை உறவுக்குச் சான்றாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு மலையகத்தில் கிடைப்பது அரிது. 1859 இல் டார்வினின் நூல் வந்தபின், பாகுபாடு என்பது பொது மூதாதையைத் தேடும் வேலையாகியது. 1950 இல் ஜெர்மானியப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் அதற்குத் தெளிவான விதி வகுத்தார். ஒரு கூட்டத்தின் பொது மூதாதையில் புதிதாகத் தோன்றி வழித்தோன்றல்களுக்குக் கிடைத்த பண்புகளே அக்கூட்டத்தை அடையாளம் காட்டும் என்பது அவ்விதி. காலின்மை அத்தகைய பண்பன்று. பாம்புகள் நான்கு கால் பல்லியினத்திலிருந்து வந்தவை. இக்தியோபிஸ் அடங்கும் காலில்லா ஈரூடகவாழிக் கூட்டத்தின் பழைய உறவான இயோசிசிலியா என்ற யுராசிக் காலத்து உயிருக்கும் சிறு கால்கள் இருந்ததை அரிசோனாவில் கிடைத்த உயிர்ச்சுவடு காட்டுகிறது. இரு கால்வழிகளும் தனித்தனியே காலை இழந்தன. மாறாக, கண்ணுக்கும் நாசிக்கும் இடையே உள்ள சிறிய உணர்கொம்பு இன்று வாழும் காலில்லா ஈரூடகவாழிகள் அனைத்துக்கும் உண்டு. வேறெந்த விலங்குக்கும் இல்லை. பாகுபாட்டியலார் தேடுவது இத்தகைய பண்பைத்தான்.

இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று பாடசாலையில் மனனம் செய்யும் படிநிலைகள், இவ்வாறு கண்டறிந்த கூட்டங்களுக்குச் சூட்டும் வசதிகளே. எத்தனை வேறுபாடு இருந்தால் அது குடும்பம், எத்தனை இருந்தால் சாதி என்பதற்கு எந்த அளவுகோலும் கிடையாது. ஒரு கூட்டத்தில் யார் யார் அடங்குவர் என்பதைச் சான்றுகொண்டு சோதிக்கலாம். அதற்குச் சூட்டும் படிநிலை, ஆய்வாளரின் உடன்பாட்டைப் பொறுத்தது.

டிஎன்ஏ வந்தபின் இச்சோதனை இன்னும் கூர்மையாகியுள்ளது. பனியுகங்களில் கடல்மட்டம் தாழ்ந்தபோது பாக்கு நீரிணை நிலமாகி இலங்கையை இந்தியாவோடு இணைத்திருந்ததால், இரு கரை உயிர்களும் கலந்தே இருக்கும் என்று கருதப்பட்டது. ஆனால் மரத்தவளைகள், நன்னீர் நண்டுகள், கேடயவாற் பாம்புகள், இக்தியோபிஸ் ஆகியவற்றை ஒப்பிட்ட 2004 ஆம் ஆண்டு ஆய்வு, இலங்கையின் இனங்கள் பெரும்பாலும் மேற்குத்தொடர்ச்சி மலை உறவுகளிலிருந்து விலகித் தமக்குள்ளேயே நெருங்கியிருப்பதைக் காட்டியது. இலங்கைக் கேடயவாற் பாம்புகள் சில, வாலின் வடிவத்தைக்கொண்டு யூரோபெல்டிஸ் என்ற சாதியில் வைக்கப்பட்டிருந்தன; 2016 இல் அவை ரைனோபிஸ் சாதிக்கு மாற்றப்பட்டன. சாதி மாறினாலும் இனத்துக்குரிய இரண்டாம் சொல் பொதுவாகக் கைவிடப்படுவதில்லை. எனவே, பழைய நூலில் யூரோபெல்டிஸ் மெலனோகாஸ்டர் என்றும் புதிய பட்டியலில் ரைனோபிஸ் மெலனோகாஸ்டர் என்றும் காணப்படுவது, மத்திய மலைநாட்டு மண்ணில் வாழும் ஒரே பாம்புதான்.