தலைக்குள் ஒரு குட்டி இடி

மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் செல்போன் டவர் வந்ததிலிருந்து எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு நான் ஒரு பதில் பாக்கி. "ராத்திரியானா ஙொய்னு ஒரு சத்தம் தம்பி. டவர்லேந்துதான் வருது. நீ பிசிக்ஸ் வாத்தியார்தானே, அந்த அலையெல்லாம் காதுல கேக்குமா?"

கேட்காது என்று சொல்லி நழுவியிருக்கலாம். ஆனால் அது பொய். நுண்ணலை (மைக்ரோவேவ், டவர் அனுப்புவதும் அந்த வகை அலைதான்) மனிதருக்குக் கேட்கும். அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு, அவ்வளவுதான்.

இதை முறையாக ஆராய்ந்தவர் ஆலன் ஃப்ரே என்ற அமெரிக்கர். ரேடார் நிலையத்தில் வேலை பார்த்த ஒருவர் "எனக்கு ரேடார் கேட்கிறது" என்று அவரிடம் சொன்னார். நாமாக இருந்தால் சிரித்திருப்போம். ஃப்ரே நேரே அந்த ரேடார் இருந்த இடத்துக்கே போய் நின்றார். அவருக்கும் கேட்டது. 1962-இல் முடிவுகளை வெளியிட்டார். கேட்டவர்கள் அதை ரீங்காரம், சொடுக்கு, சீறல் என்று பலவிதமாகச் சொன்னார்கள். தலைக்குப் பின்புறத்திலிருந்தோ உள்ளிருந்தோ வருவதுபோல் இருந்ததாம். இரைச்சலான இடத்தில் காதை அடைத்துக்கொண்டால் இன்னும் தெளிவாகவே கேட்டது. ஆனால் நெற்றிப்பொட்டுப் பக்கம் இரண்டு அங்குலச் சதுரத்தில் ஈ வலைக் கம்பியை வைத்து மறைத்ததும் நின்றுவிட்டது. காற்று தாராளமாகப் போய்வரும் கம்பிவலை அது. அதில் நிற்பது மின்காந்த அலைதான்.

அந்த அலை எப்படிச் சத்தமாகிறது? முதலில் ஃப்ரே உட்படப் பலரும் நரம்பையே அது நேரடியாகத் தூண்டுகிறது என்ற பக்கம் சாய்ந்தார்கள். உண்மை அதைவிடச் சுவாரசியமானது. ஐப்பசி மழையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் இடி கேட்டவர்களுக்கு அது பாதி தெரிந்த விஷயம். மின்னல் காற்றை நொடியில் கொதிக்க வைக்கிறது, காற்று வெடுக்கென்று விரிகிறது, அந்த விரிவுதான் இடி. ரேடார் அலை ஒரே சீராக வருவதில்லை. நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே நீடிக்கும் துடிப்புகளாக வருகிறது. ஒவ்வொரு துடிப்பும் தலையிலுள்ள நீர் நிறைந்த திசுவைச் சூடாக்குகிறது. எவ்வளவு? ஒரு டிகிரி செல்சியஸில் சுமார் 2 லட்சத்தில் ஒரு பங்கு! காய்ச்சலில் நம் உடம்பு ஏறுவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த ஒன்றுமில்லாத சூடு கண்ணிமைக்கும் நேரத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேகத்தில் ஏறுகிறது. திசு விரிய, அழுத்த அலை கிளம்பி, மண்டையோட்டு எலும்பு வழியே உட்காதின் நத்தை எலும்பை எட்டுகிறது. அதன் பிறகு எல்லாம் வழக்கமான கேட்டல்தான். காதை அடைத்தும் பயனில்லாமல் போனது இதனால்தான்.

இதற்குக் கிடைத்த சாட்சியம் அழகானது. 1974-இல் ஃபாஸ்டர், ஃபின்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தண்ணீரில் நுண்ணலைத் துடிப்புகளைப் பாய்ச்சி, உள்ளே எழும் ஒலியை அளந்தார்கள். தண்ணீரை 4 டிகிரிக்குக் குளிர்வித்ததும் ஒலி மறைந்தது. அந்த வெப்பநிலையில் தண்ணீரைச் சற்றே சூடாக்கினால் அது விரிவதில்லை. விரிவு இல்லை, இடியும் இல்லை.

ஃப்ரே சொன்னதெல்லாம் இப்படி நிலைக்கவில்லை. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பை நுண்ணலை இளக்கிவிடுகிறது என்று 1975-இல் எலிகளை வைத்துச் சொன்னார். மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது அந்த விளைவு உறுதிப்படவில்லை. சத்தம் மட்டும் யார் செய்தாலும் வந்தது. எனக்கு ஃப்ரேயைப் பிடிப்பது அவர் முதல் நாள் ரேடார் முன்னால் போய் நின்றதற்காக.

சரி, பெரியம்மாவின் டவர்? ஃப்ரேயின் சோதனையில் கேட்கத் தேவைப்பட்ட துடிப்பின் உச்சத் திறன் சதுர மீட்டருக்கு 2,000 வாட்டுக்கும் மேல். டவர்களுக்கு இந்தியா 2012 செப்டம்பரில் வைத்த வரம்பு, 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு, அதே சதுர மீட்டருக்கு 0.45 வாட். இடிக்குத் தேவையான அடி அங்கே இல்லை. (பழைய செல்போனை மைக்செட் பக்கம் வைத்தால் 'டிடிக் டிடிக்' என்று கேட்குமே, அது வேறு. அலையைப் பிடிப்பது ஆம்ப்ளிஃபயரின் மின்சுற்று, நம் தலை அல்ல.) புற்றுநோய்க் கேள்வி தனி. ரேடியோ அலைகளை 2011-இல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 'ஒருவேளை காரணமாகலாம்' என்ற 2பி பிரிவில் வைத்தது. அதைச் சத்தத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

இவ்வளவையும் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். பெரியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப என் காதுல கேக்குறது?" என்றார்.

போன வாரம் ராத்திரி கரண்ட் போனது. டவருக்கு பேட்டரி உண்டு, உச்சியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெரியம்மா வாசலுக்கு வந்து கூப்பிட்டார்.

"தம்பி, இப்பக் கேக்கலடா. அந்த ஃப்ரிட்ஜுக்குப் போட்டிருக்கிற ஸ்டெபிலைசரைக் கொஞ்சம் வந்து பாரேன்."