நூறு சதவீதம் வந்த பிறகும் மினுக்கும் விளக்கு

லினக்ஸ் கணினியில் பைத்தான் நிரல் ஒன்றை எழுதி, 3 ஜிபி காணொளியைப் பென் டிரைவுக்கு நகலெடுத்த வாசகர் ஒருவர், திரையில் 100 சதவீதம் வந்த பிறகும் பென் டிரைவின் விளக்கு மினுக்கிக்கொண்டே இருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறார்.

நகலெடுக்கப் பைத்தானிலேயே ஆயத்தக் கட்டளை உண்டு. ஆனால் அது முடியும்வரை வாய் திறக்காது. ஆகவே கோப்பைத் துண்டு துண்டாகப் படித்து எழுதி, எழுதிய பைட்டுகளை மொத்த அளவால் வகுத்து, சதவீதத்தை ஒரே வரியில் மாற்றி மாற்றி அச்சிடுகிறோம். வாசகரும் அதைச் சரியாகவே செய்திருக்கிறார்.

விஷயம் 'எழுது' என்னும் கட்டளையில் இருக்கிறது. அந்தக் கட்டளை பென் டிரைவைத் தொடுவதே இல்லை. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் அந்தத் துண்டை வாங்கி, ரேம் என்னும் தற்காலிக நினைவகத்தில் பேஜ் கேஷ் என்னும் பகுதியில் வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலுக்கு ரசீது தருவதைப் போல, "எழுதியாயிற்று" என்று உடனே பதில் சொல்லிவிடுகிறது. உண்மையான எழுத்து பின்னணியில் மெதுவாக நடக்கிறது. இப்படி எழுதாமல் தேங்கிய தரவு, கிடைக்கக்கூடிய நினைவகத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால் பின்னணி வேலை முடுக்கிவிடப்படும். 20 சதவீதத்தை நெருங்கினால் நம் நிரலே காத்திருக்க வைக்கப்படும். லினக்ஸின் வழக்கமான வரம்புகள் இவை. முதலில் பாய்ந்து ஓடும் சதவீதம் பாதி வழியில் திக்கித் திணறுவதும் இதனால்தான். கிடைக்கும் நினைவகம் 7 ஜிபி என்றால் 1.4 ஜிபி வரை தேங்கலாம். நொடிக்கு 10 எம்பி எழுதும் பென் டிரைவுக்கு அது இரண்டு நிமிடத்துக்கு மேற்பட்ட வேலை. அதற்குள் பிடுங்கினால் கோப்பு அரைகுறையாகவே மிஞ்சும்.

இந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சிறிய கோப்புகளைச் சேமிக்கும்போது நாம் காத்திருக்க நேராததற்கு இதுவே காரணம்.

சதவீதம் உண்மை பேச வேண்டுமானால், பைத்தான் தன்னிடம் வைத்திருக்கும் சிறு தேக்கத்தை முதலில் ஃப்ளஷ் செய்து, அதாவது கெர்னலிடம் தள்ளிவிட்டு, பிறகு தேங்கியதைச் சாதனத்தில் எழுதச் சொல்லும் எஃப்சிங்க் கட்டளையை அழைக்க வேண்டும். தரவு சாதனத்துக்குப் போய்ச் சேரும்வரை அது திரும்பாது. ஒவ்வொரு சிறு துண்டுக்கும் அதை அழைத்தால் வேகம் படுத்துவிடும் என்பதால், 32 எம்பிக்கு ஒருமுறை அழைத்து, அதன் பிறகே சதவீதத்தை ஏற்றலாம்.